தெரிந்தவர் விற்கும் கெப்பையும் பார்த்தே வாங்க வேண்டும்

புறக்கோட்டையில் அரிசி மொத்தமாக வாங்குபவர் சாக்கில் ஊசியைக் குத்தி, நாலு மணியைக் கையில் கொட்டிப் பார்க்காமல் விலை பேசமாட்டார். சீனன்கோட்டையில் கல் வாங்குபவர் அதை வெயிலிலும் பார்ப்பார், டோர்ச் வெளிச்சத்திலும் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் வைத்துவிட்டுப் போய் மறுநாளும் வந்து பார்ப்பார். புடவை வியாபாரி துணியின் ஓரத்தைக் கசக்கிப் பார்ப்பார். இவர்களில் எவரிடமும் "என்னை நம்பவில்லையா?" என்று விற்பவர் கேட்பதில்லை. சரக்கைப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை என்பது இரு பக்கத்தாருக்கும் தெரியும்.

இதே வியாபாரிகள் பழைய டீசல் கெப் ஒன்றை வாங்கப் போகும்போது மட்டும் இந்தப் பழக்கம் எங்கே போகிறது? பெயின்ட் பளபளப்பைப் பார்க்கிறார்கள், டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டுகிறார்கள், சந்தி வரை ஓட்டிப் பார்க்கிறார்கள். அத்தோடு அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. ஓர் அரிசி மூட்டையில் ஏமாந்தால் சில ஆயிரம் ரூபா போகும். ஒரு கெப்பில் ஏமாந்தால் கடையின் முதலே ஆட்டம் கண்டுவிடும்.

இதற்கு அறியாமை மட்டும் காரணமல்ல. வாகனம் பெரும்பாலும் தெரிந்தவர் மூலமே வருகிறது. மச்சானின் நண்பர், பக்கத்துக் கடை முதலாளி, ஊரார் ஒருவர். "நம்மட வண்டிதானே நானா, என்னத்தப் பார்க்கப் போறீங்க?" என்ற ஒரு வார்த்தை போதும், வாங்குபவர் வாயை மூடிக்கொள்வார். மெக்கானிக்கை அழைத்து வந்தால் அவர் மனம் நோகுமே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலை பல இலட்சம் ரூபா என்பதும், கடைசியில் பணத்தோடு அந்த உறவும் சேர்ந்தே போகும் என்பதும்தான் இன்று சொல்ல வருவது.

இன்று ஏன் கூடுதல் கவனம்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022ஆம் ஆண்டில் டொலரொன்று 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியது. பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. இதன் மேல் சுங்க வரி, உற்பத்தி வரி, பெறுமதி சேர் வரி எல்லாம் சேரும்போது புதிய டபுள் கெப் என்பது சிறு வியாபாரிக்கு எட்டாக்கனி. எனவே 15, 20 வருடம் ஓடிய ஹைலக்ஸ், எல் 200, டி-மெக்ஸ் போன்றவையே கைமாறுகின்றன. பல வருடம் புதிய வாகனம் வராத நாட்டில் இருந்த வாகனங்களே இரட்டிப்பு வேலை செய்தன. அவற்றைத்தான் இன்று நாம் பல பத்து இலட்சம் கொடுத்து வாங்குகிறோம்.

கெப் பழுதானால் நட்டம் ஒன்றல்ல, இரண்டு. திருத்தும் செலவு ஒன்று. வாகனம் கராஜில் நிற்கும் நாட்களில் சரக்கு கொண்டு செல்லக் கொடுக்கும் வாடகை மற்றொன்று. நாளொன்றுக்கு 12,000 ரூபா வாடகை என்று வைத்துக்கொண்டால், 20 நாள் நின்றால் 240,000 ரூபா. இந்த இரண்டாவது கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

அது என்ன வேலை செய்தது?

எந்த வருடத்து வாகனம் என்று கேட்பதற்கு முன், அது என்ன தொழிலில் இருந்தது என்று கேளுங்கள். கற்பிட்டி, மன்னார், பேருவளைப் பக்கம் மீன் ஏற்றிய கெப்பின் பெட்டிக்குள் ஐஸ் தண்ணீரோடு உப்பு வடிந்து செசி வரை இறங்கியிருக்கும். மேலே புதுப் பெயின்ட் இருக்கும், கீழே துரு தின்றுகொண்டிருக்கும். மலையகத்தில் ஓடியதென்றால் கிளச்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும். மணல், கல், சீமெந்து ஏற்றியதென்றால் பின் ஸ்பிரிங்கில் மேலதிகமாக ஒரு பட்டை சேர்க்கப்பட்டிருக்கும். அந்த ஒரு பட்டையே அதன் வரலாற்றைச் சொல்லிவிடும்.

வெள்ளத்தில் மூழ்கியதா என்பதையும் பார்க்க வேண்டும். 2016 மே மாதம் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகளில் வாகனங்கள் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளம் அதைவிடப் பரந்த நிலப்பரப்பை மூடியது. நனைந்த வாகனங்கள் கழுவித் துடைக்கப்பட்டு வேறு மாவட்டங்களில் விற்பனைக்கு வரலாம். ஆசனப் பட்டியை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஆசனத்தின் கீழுள்ள ஆணிகளில் துரு, முன் லைட்டுக்குள் நீர்க்கோடு, கியர் பெட்டி ஒயிலில் பால் நிறம், இவை எல்லாம் சாட்சிகள்.

குளிர்ந்த எஞ்சினையே கேளுங்கள்

டீசல் எஞ்சின் உண்மை பேசுவது காலையில், குளிர்ந்திருக்கும்போதுதான். எனவே பார்க்கப் போகும் நேரத்தை நீங்களே தீர்மானியுங்கள். "நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனவுடன் பொனட்டைத் திறந்து கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், அன்று பார்ப்பதில் பயனில்லை. வேறு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புவதே புத்தி.

ஸ்டார்ட் செய்யுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். நீரின் மேல் ஒயில் படலம் மிதந்தாலோ, துருச் சேறாக இருந்தாலோ சந்தேகப்பட வேண்டும். மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்தால், ஹெட் காஸ்கட் போன எஞ்சினில் நீர்க்குமிழிகள் விடாமல் எழும்பும். சூடேறிய பிறகு மாத்திரம் அந்த மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது, முகம் வெந்துவிடும்.

ஒயில் கோலை இழுத்துப் பாருங்கள். டீசல் எஞ்சினில் ஒயில் கறுப்பாக இருப்பது இயல்பு, அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பால் கலந்த தேநீர் நிறமாக இருந்தால் நீர் கலந்திருக்கிறது. அளவுக் கோட்டுக்கு மேலே ஏறி, டீசல் வாடை அடித்தால் எரிபொருள் உள்ளே கசிகிறது.

சாவியைத் திருப்பினால் ஹீட்டர் லைட் அணைந்ததும் ஒன்றிரண்டு சுற்றில் எஞ்சின் பற்ற வேண்டும். நீண்ட நேரம் இழுத்து, உதறி, வெண்புகை கக்கிப் பற்றினால் ஹீட்டர் பிளக்கோ, இஞ்செக்டரோ, தேய்ந்த எஞ்சினோ காரணமாக இருக்கலாம். எது என்று தெரியாமல் விலை பேச முடியாது.

புகையின் நிறத்தையும் படிக்கப் பழக வேண்டும். பற்றும்போது சிறிது புகை வந்து நின்றுவிட்டால் பயமில்லை. எஞ்சின் சூடேறிய பின்னும் நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. ரிங், வால்வு சீல், டர்போ இவற்றில் ஒன்று தேய்ந்திருக்கிறது. மிதிக்கும்போது கரும்புகை திரண்டு வந்தால் டீசல் கூடிப் போகிறது அல்லது காற்றுப் போதவில்லை. ஒரு ஃபில்டர் அடைப்பிலிருந்து இஞ்செக்டர் வரை எதுவாகவும் இருக்கலாம். வெண்புகை நிற்காமல் வந்தால் நீர் எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

செலவில்லாத இன்னொரு சோதனை உண்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே துவாரத்தின் மேல் தலைகீழாக வையுங்கள். சிறிது ஆடினால் வயதுக்குரியது. துள்ளி விழுந்தாலோ, துவாரத்திலிருந்து புகை பீறிட்டாலோ, எரியும் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. அந்த எஞ்சின் ஓவர்ஹோல் கேட்கிறது என்று அர்த்தம்.

பழைய பம்ப், புதிய கொமன் ரெயில்

எமது வியாபாரிகள் பலர் எஞ்சின் வகையைக் கேட்காமலே வாங்குகிறார்கள். ஹைலக்ஸின் 3எல், 5எல் போன்ற பழைய எஞ்சின்களில் டர்போவும் இல்லை, கம்பியூட்டரும் இல்லை. இழுவை குறைவு, சத்தம் கூடுதல். ஆனால் ஊரிலுள்ள எந்தக் கராஜிலும் திருத்தலாம். 2004ஆம் ஆண்டுக்குப் பின் வந்த வீகோ வகையின் 1கேடி, 2கேடி எஞ்சின்கள் கொமன் ரெயில் முறை. இழுவை நன்று, டீசல் சிக்கனம். ஆனால் அதில் டீசல் 1,000 பாரைத் தாண்டிய அழுத்தத்தில் பாய்கிறது. இஞ்செக்டரின் துவாரம் மிகவும் நுண்ணியது. சிறிது நீர், சிறிது தூசி போதும். நான்கு இஞ்செக்டரும் பம்ப்பும் மாற்ற நேர்ந்தால் அந்தத் தொகை சிறு கடையொன்றின் பல மாத இலாபம்.

எனவே கொமன் ரெயில் வாகனம் என்றால் ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் ரெயில் அழுத்தத்தையும், இஞ்செக்டர்கள் திருப்பி அனுப்பும் டீசலின் அளவையும் பார்க்காமல் வாங்கவே கூடாது. இஞ்செக்டரின் அடியிலுள்ள செப்பு வளையம் கசிந்தாலும் ஆபத்துத்தான். கரி ஒயிலில் கலந்து, ஒயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்து, எஞ்சினையே இறுக்கிவிடும்.

2022 ஜூன் இறுதியில் டீசல் லீற்றர் 460 ரூபா. மண்ணெண்ணெய் அந்த ஆண்டு ஓகஸ்ட் வரை 87 ரூபா. கலந்து ஓட்டிப் பார்க்கும் ஆசையை எவருக்கும் ஊட்டக்கூடிய வித்தியாசம் அது. டீசல்தான் பம்ப்புக்கு எண்ணெய் போலவும் உதவுகிறது. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு இல்லை. அந்த நாட்களில் இந்த வாகனம் எதைக் குடித்தது என்பதை இன்று கேட்டால் பதில் வராது. பம்ப்பைச் சோதித்தால்தான் தெரியும்.

டைமிங் பெல்ட்டையும் மறக்கக் கூடாது. எல் 200இன் 4டி56, ஹைலக்ஸின் 3எல், 5எல், 1கேடி, 2கேடி ஆகியவற்றில் இருப்பது பெல்ட். 2015இல் வந்த ஹைலக்ஸின் ஜீடி வகை எஞ்சின்களிலும், டி-மெக்ஸின் 4ஜேஜே1 எஞ்சினிலும் இருப்பது செயின். பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகளும் ரொக்கர்களும் சேர்ந்தே உடையும். டேஷ்போர்டில் பெல்ட் எச்சரிக்கை லைட் எரியவில்லை என்பது ஆதாரமல்ல. பெல்ட்டை மாற்றாமலே லைட்டை மாத்திரம் அணைத்துவிட முடியும். மாற்றிய பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கணக்கிட்டு அதன் செலவை விலையில் கழியுங்கள்.

செசியும் ஓட்டமும்

எஞ்சின் கெட்டால் வேறு எஞ்சின் போடலாம். செசி கெட்டால் வாகனமே இல்லை. குழியில் இறக்கியோ, ஹொயிஸ்டில் ஏற்றியோ டோர்ச் அடித்துப் பாருங்கள். கெபினுக்குப் பின்னால் பெட்டி தொடங்கும் இடத்திலும், ஸ்பிரிங் பூட்டும் இடங்களிலும் வெடிப்பு, வெல்டிங் தழும்பு, ஒரு பகுதிக்கு மாத்திரம் புதுக் கறுப்புப் பெயின்ட் இருந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீர் என்னும். துருத் தின்ற இரும்பு சப்பென்று ஒலிக்கும். செசியில் பொறித்த இலக்கம் சுற்றிவர வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறதா, எழுத்துக்கள் ஒரே வரியில் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது என்றால் சந்தி வரை போய்வருவதல்ல. குறைந்தது அரை மணி நேரம், ஏற்றம், இறக்கம், குழி வீதி எல்லாவற்றிலும் ஓட்ட வேண்டும். முடியுமானால் நீங்கள் வழக்கமாக ஏற்றும் சரக்கில் பாதியையாவது ஏற்றி ஓட்டுங்கள். வெறும் கெப் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் கூடி வேகம் கூடாவிட்டால் கிளச் வழுக்குகிறது. இரண்டாம் கியர் இறங்கும்போது கரகரத்தால் கியர் பெட்டிக்குச் செலவிருக்கிறது. ஃபோர் வீல் உள்ள வாகனமென்றால் மண் தரையில் அதைப் போட்டும் எடுத்தும் பாருங்கள். பல வருடம் பாவிக்காமல் இறுகிப் போயிருக்கும்.

மீட்டரை நம்பி விலை கொடுக்காதீர்கள். வியாபாரத்துக்கு ஓடும் கெப் நாளொன்றுக்கு 100 கிலோமீற்றர், மாதம் 25 நாள் என்று ஓடினாலே வருடத்துக்கு 30,000. பத்து வருடத்தில் 300,000. மீட்டர் 110,000 காட்டினால், தேய்ந்த பிரேக் மிதியும், பளபளத்த ஸ்டியரிங்கும், குழிந்த ஓட்டுநர் ஆசனமும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். சேர்விஸ் புத்தகத்தையும் பில்களையும் கேளுங்கள். டயரிலும் ஒரு சாட்சி உண்டு. அதன் பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தடம் ஆழமாக இருந்தாலும் அந்த டயருக்கு வயதாகிவிட்டது.

காகிதமும் ஒரு பாகம்தான்

எஞ்சினை விடக் காகிதத்தில் நட்டப்பட்டவர்கள் எம்மிடையே குறைவல்ல. பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் அந்த வாகனம் இன்னும் அவருடையதல்ல. கடனைத் தீர்த்து நிறுவனம் தன் உரிமையை நீக்கிய கடிதம் வரும் வரை பணத்தை நிறுவனத்துக்கே நேரடியாகச் செலுத்துவது பாதுகாப்பு. எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், நிறம், வாகன வகுப்பு யாவும் சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும். மாற்று எஞ்சின் போட்டிருந்தால் அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், லொறி வகுப்பென்றால் தகுதிச் சான்றிதழ் ஆகியவற்றின் திகதிகளையும் பாருங்கள்.

ஓபன் பேப்பர் என்ற பழக்கத்தை எமது வியாபாரிகள் இனியாவது கைவிட வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து. வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டி, அப்படியே அடுத்தவருக்கு விற்பது ஒரு கெட்டித்தனமாகப் பேசப்படுகிறது. கையொப்பமிட்டவர் மரணித்தால் என்ன செய்வீர்கள்? வெளிநாடு போனால்? அவருக்கு எதிரான கடன் வழக்கில் அவர் பெயரிலுள்ள சொத்து என்று இந்த வாகனமும் கணக்கில் வந்தால்? விற்றவருக்கும் இதில் நிம்மதியில்லை. அந்த வாகனம் விபத்தில் சிக்கினால் பொலிஸ் தேடி வருவது பதிவிலுள்ள பெயரைத்தான். விற்பவர் எம்.டி.ஏ. 6, வாங்குபவர் எம்.டி.ஏ. 8 படிவங்களை நிரப்பித் தாமதமின்றிப் பெயர் மாற்றுவதே இருவருக்கும் காவல்.

முதலில் சோதனை, பிறகு அட்வான்ஸ்

இத்தனையும் ஒரு கடைக்காரரால் பார்க்க முடியுமா? முடியாது, தேவையுமில்லை. அதற்குத்தான் மெக்கானிக். ஆனால் அவர் உங்கள் மெக்கானிக்காக இருக்க வேண்டும். விற்பவரின் வாகனத்தை வழமையாகத் திருத்துபவரோ, தரகர் கூட்டி வருபவரோ அல்ல. விலை படிந்தால் அவருக்கும் கொமிஷன் என்றிருந்தால் அவர் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. எனவே வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இவ்வளவு கூலி என்று முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிடுங்கள். நாலு வாகனம் பார்த்து மூன்றை வேண்டாமென்று விட்டால், அந்த மூன்று கூலியும் வீண் செலவல்ல, தப்பிய நட்டம்.

"இவ்வளவு பார்த்துக்கொண்டிருந்தால் நல்ல வண்டி கைநழுவிப் போய்விடும்" என்பார்கள். போகட்டும். ஒரு நாள் பொறுக்காத வாகனத்தில் ஏதோ ஒன்று அவசரப்படுத்துகிறது. "குறையில்லாத பழைய வண்டி எங்கே இருக்கிறது?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சோதனையின் நோக்கமும் குறையில்லாததைத் தேடுவதல்ல, குறைக்கு விலை போடுவது. டயர் நான்கு, கிளச், டைமிங் பெல்ட் எல்லாம் சேர்த்து மூன்று இலட்சம் என்று மெக்கானிக் எழுதித் தந்தால், அந்தக் காகிதத்தை நடுவில் வைத்து விலையைப் பேசுங்கள். செசி வெடிப்பு, வெட்டி ஒட்டிய இலக்கம், வெள்ளத்தில் மூழ்கிய வாகனம், தெளிவில்லாத உரிமை, இந்த நான்குக்கு மாத்திரம் விலையே கிடையாது. எழும்பி வந்துவிட வேண்டும்.

தெரிந்தவரிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்ற கூச்சத்துக்கும் வழியுண்டு. "உங்களை நம்புறேன் நானா, எஞ்சினைத்தான் பார்க்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அவரும் வியாபாரிதான், விளங்கிக்கொள்வார். உண்மையில் அவருக்கே தெரியாத குறைகள் ஒரு டீசல் எஞ்சினுக்குள் இருக்கலாம். பார்க்காமல் வாங்கி, மூன்றாம் மாதம் எஞ்சின் இறுகியதும் அவரைக் குற்றம் சொல்லி, பள்ளியில் கண்டாலும் முகம் திருப்பிக்கொள்வதைவிட, வாங்கும் நாளில் அரை மணி நேரம் வெளிப்படையாகப் பார்ப்பது அந்த உறவுக்குச் செய்யும் மரியாதை.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கெப்பின் குறைகளை அறிந்தவர் நீங்கள். "கிளச் இன்னும் ஆறு மாதம்தான் தாங்கும், பெல்ட் மாற்றவில்லை" என்று ஒரு காகிதத்தில் எழுதி நீங்களே கொடுத்துவிட்டால் விலை சிறிது குறையலாம். ஆனால் விற்ற பின் தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் பதற வேண்டியதில்லை. அடுத்த முறை நீங்கள் விற்கும் எதையும் வாங்க ஆள் தேடவும் வேண்டியதில்லை.

கடையில் ஒவ்வொரு மூட்டையையும் குத்திப் பார்த்து வாங்கியே முதலைச் சேர்த்தோம். அந்த முதலை மொத்தமாகக் கொண்டுபோய் ஒரு வாகனத்தில் போடும் நாளில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வதில் என்ன நியாயம் இருக்கிறது?